கச்சானுக்குப் பட்டா

எனக்கு அம்மோனியா வாடை பிடிக்கும். சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். முப்பது வருஷம் அந்த வாடையில் உட்கார்ந்துதான் சோறு தின்றேன், பிடிக்காமல் என்ன செய்யும்? நான் வேலை பார்த்த காலத்தில் மனை போடுகிறவர்கள் கொண்டுவரும் லேஅவுட் பிளான்கள் அம்மோனியாவில் நகலெடுத்த நீலக் கோடுகளோடு, சுருட்டிய பாய் மாதிரி மேஜைக்கு வரும். பிரித்தால் கண் எரியும். நாலு மூலையிலும் பேப்பர் வெயிட்டை வைத்து, ஸ்கேலை எடுத்துக்கொண்டு குனிந்தேன் என்றால் மத்தியானச் சாப்பாடு மறந்துபோகும். இப்போது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே ஏற்றி, கம்ப்யூட்டரிலேயே பார்த்து முடித்துவிடுகிறார்களாம். நல்லதுதான். ஆனாலும் அந்த மேஜையை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

நான் வரைவாளர். தூத்துக்குடியைச் சுற்றி யாராவது தன் நிலத்தை வீட்டு மனைகளாகப் பிரித்து விற்க நினைத்தால், பிளான் எங்கள் அலுவலகத்துக்கு வரவேண்டும். ரோடு இருபத்துமூன்று அடி இருக்கிறதா, பூங்காவுக்குப் பத்தில் ஒரு பங்கு விட்டிருக்கிறார்களா, ஓடையை மடக்கி மனைக்குள் போட்டிருக்கிறார்களா என்று பார்த்து, குறிப்பு எழுதி மேலே அனுப்புவது என் வேலை. பூங்காவை எப்போதும் எதற்கும் ஆகாத முக்கோண மூலையில்தான் தள்ளியிருப்பார்கள். அதில் பிள்ளைகள் விளையாடவா செய்யும், ஒற்றைக் காலில் வேண்டுமானால் நிற்கலாம். நான் விடமாட்டேன். திருப்பி அனுப்பிவிடுவேன். அலுவலகத்தில் எனக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பேர். காதில் விழுந்தால் முறைப்பேன், உள்ளுக்குள் பெருமை தாங்காது.

அந்தப் பெருமையோடு இருந்த நாளில்தான் கச்சான் வந்தார்.

பதினைந்து வருஷம் இருக்கும். ஊருக்கு வடக்கே, நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவில், உடைமரம் மண்டிக் கிடந்த ஒரு பெரிய நிலத்தை எண்பத்தாறு மனைகளாகப் பிரிக்கக் கேட்டு ஒரு பிளான் வந்தது. போட்டவர் இரும்புக் கடை அண்ணாச்சி ஒருவர். நல்ல மனிதர். பூங்காவைச் சதுரமாக விட்டிருந்தார், அதற்கே நான் பாதி மயங்கிவிட்டேன். பிளானோடு பஞ்சாயத்திலிருந்து ஒரு ஆட்சேபணை மனுவும் சேர்ந்து வந்தது. அந்த நிலத்துக்குக் கிழக்கே, கடலோரத்தில் இருக்கிற சின்ன மீன்பிடி ஊரிலிருந்து ஒரு பெண் கோடு போட்ட தாளில் தன் கைப்பட எழுதியிருந்தாள். நான்கே வரி. அதில் முக்கியமான வரி இது: 'கச்சான் பக்கத்துப் பாதையை அடைக்க வேண்டாம்.'

நான் நிலத்தை அளந்து வரைந்த புலப்படத்தை எடுத்துப் பார்த்தேன். பாதை ஏதும் இல்லை. பட்டா விவரத்தைப் பார்த்தேன். கச்சான் என்று யாரும் இல்லை. பக்கத்துப் புலங்களையும் விடவில்லை. எங்கேயும் கச்சான் இல்லை. டைப் அடிக்கிற அம்மா, "சிலோன்ல கச்சான்னா கடலைம்மா" என்றார். ஆராய்ச்சி அதோடு நின்றது. 'மனுதாரர் குறிப்பிடும் கச்சான் என்பவருக்கு இப்புலத்திலோ அடுத்துள்ள புலங்களிலோ நிலம் ஏதும் இல்லை. பாதையும் பதிவில் இல்லை. எனவே ஆட்சேபணையை ஏற்க முகாந்திரம் இல்லை' என்று குறிப்பு எழுதினேன். கையெழுத்துப் போட்டபோது திருப்தியாகக்கூட இருந்தது. என் மேலதிகாரி ரொம்பவும் நிதானமானவர். எதற்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்துவிடலாம் என்று மனுதாரருக்குக் கடிதம் போடச் சொன்னார். திரு. கச்சான் என்பவரின் பட்டா நகலோடு ஏழு நாளைக்குள் நேரில் வரவேண்டும் என்று கடிதம் போயிற்று.

மூன்றாம் நாளே அவள் வந்துவிட்டாள். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் செபமாலை, இடுப்பில் சொருகிய சேலை. வந்தவள் கடிதத்தை என் மேஜையில் வைத்து, இதை எழுதியது யாரம்மா என்று மரியாதையாகத்தான் கேட்டாள். நான்தான் என்றேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள், நிறுத்த முடியவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது, அரசாங்க அலுவலகம் இது என்று சத்தம் போட்டேன்.

அது ஆனி மாதம். மேற்கு ஜன்னல் வழியாகப் புழுதிக் காற்று அடித்து, பேப்பர் வெயிட் இல்லாத தாளெல்லாம் தரையில் கிடந்தது. அவள் எழுந்துபோய் அந்த ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள்.

"இந்தா அடிக்குல்லா, இதுதான் கச்சான். காத்துக்குப் பட்டா கேட்டா நான் எங்கன போவேன், ஏளா?"

மேல்காற்று! சாயர்புரம் பக்கத்துப் பனங்காட்டில் பிறந்தவள் நான். எங்களுக்கு அது மேகாத்து. கடற்கரைக்காரர்களுக்குக் கச்சான். கடலில் திசை பார்க்கிறவர்கள் கரையிலும் காற்றை வைத்தே திசை சொல்வார்கள் என்று, அரை மணி நேர பஸ் தூரத்தில் பிறந்த எனக்குத் தெரியாமல் போயிற்று. கச்சான் பக்கம் என்றால் மேற்குப் பக்கம். ஊரிலிருந்து மேற்கே ரோட்டுக்குப் போகிற பாதை. அவ்வளவுதான் அவள் எழுதியிருந்தது. நானோ காற்றுக்குத் 'திரு' போட்டு, பட்டாவும் கேட்டிருக்கிறேன். அவள் என்னை அடியே என்கிற மாதிரி ஏளா என்று கூப்பிட்டதற்கு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் சிரித்துவிட்டேன்.

சிரித்து முடித்தபிறகு அவள் விஷயத்தைச் சொன்னாள். அந்த ஊர்ப் பெண்கள் விடிவதற்குள் மீன் கூடையைத் தலையில் ஏற்றி, அந்த உடைமரத்துக்குள் கிடக்கிற ஒற்றையடிப் பாதையில் நடந்துதான் நெடுஞ்சாலைக்கு வருவார்கள். முதல் டவுன் பஸ் அங்கேதான் வரும். எவ்வளவு தூரம் என்று கேட்டேன். ஒரு செபமாலைத் தூரம் என்றாள். நடந்துகொண்டே சொல்வார்களாம். பத்துப் பத்து மணியாக அஞ்சு பத்துமணியும் உருட்டி முடியும்போது பஸ் நிறுத்தம் வந்துவிடும். பாதையை அடைத்தால் உப்பளத்து வரப்பைச் சுற்றி வரவேண்டும், அது மூணு செபமாலை.

"மூணு செபமாலை சொன்னா மாதாவுக்குச் சந்தோசந்தான். மொத பஸ்ஸு எங்களுக்காவ நிக்குமா? மீன் நிக்குமா?"

மறுநாள் அவளோடு நான் அந்தப் பாதையில் நடந்தேன். அலுவலகத்துச் செருப்பு, உடைமுள் இரண்டு இடத்தில் ஏறிவிட்டது. அவள் முன்னால் போய்க்கொண்டே முணுமுணுவென்று செபமாலை சொன்னாள். தூரத்தை எனக்கு நிரூபிக்கிறாளாம். கடைசி 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிக்கவும் பஸ் நிறுத்தத்துப் புளியமரம் வரவும் சரியாக இருந்தது. காலில் மிதிபட்டு மிதிபட்டு அந்த மண் சிமெண்ட்டுத் தரையாக இறுகியிருந்தது. எந்தப் படத்திலும் இல்லாத அந்தப் பாதையில் நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது. பிளானை விரித்துப் பார்த்தேன். அண்ணாச்சியின் உள் ரோடு ஒன்று கிழக்கே போய், கடைசி மனையில் முட்டி நின்றது. பாதை அந்த மனைக்குள் நேராக நுழைந்தது. அந்த ஒரு மனையை எடுத்துவிட்டு ரோட்டை எல்லைவரை நீட்டினால் போதும், பாதை பிழைத்துக்கொள்ளும். பின்னால் இருக்கிற நிலத்துக்கு வழி விடவேண்டும் என்று விதியும் இருந்தது.

ஆனால் பைலில் என் குறிப்பு உட்கார்ந்திருந்தது. முகாந்திரம் இல்லை என்று நானே எழுதி, மேலதிகாரியும் ஒப்பமிட்ட குறிப்பு. அந்த வாரமே பைல் அனுமதி கொடுக்கிற கமிட்டிக்குப் போகவேண்டும். மேலதிகாரி எனக்கு நல்லதுதான் நினைத்தார். கள ஆய்வில் புதிய விவரங்கள் தெரியவந்துள்ளன என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், உங்கள் தப்பு என்று எழுத வேண்டாம், ஓய்வுபெறும்வரை கூடவே வரும் என்றார். எனக்கும் ஆசைதான். அரை நாள் பேனாவை மூடி மூடித் திறந்தேன். ஆனால் பழைய குறிப்பு அப்படியே கிடந்தால் கமிட்டியில் எதை எடுத்துக்கொள்வார்கள்? ஒரு மனை போகிறது என்றால் அண்ணாச்சியும் அதைத்தானே காட்டுவார்? பாதை போய்விடும். கடைசியில் எழுதினேன்: 'கச்சான் என்பது நபரின் பெயர் எனத் தவறாகக் கொண்டேன். அது மேற்குத் திசையைக் குறிக்கும் கடற்கரை வழக்குச் சொல். என் முந்தைய குறிப்பை ரத்து செய்யலாம். பிழை என்னுடையது.'

ஒரு மாதம் என்னை யாரும் விடவில்லை. ஜன்னல் கதவு அடித்தால் போதும், மேடம், கச்சான் சார் வந்திருக்கார், உட்காரச் சொல்லவா என்பார்கள். பூதக்கண்ணாடி என்ற பேர் அன்றோடு போயிற்று. அண்ணாச்சிக்கு வருத்தம். கடல்காற்று வருகிற மனை, மகளுக்கென்று நினைத்து வைத்திருந்தாராம். முனகிக்கொண்டே பிளானைத் திருத்திக் கொண்டுவந்தார். ரோடு எல்லைவரை போயிற்று. அதைப் பஞ்சாயத்துக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அந்தத் திருத்திய பிளானில் சிவப்பு மையால் டிக் போட்ட நாள் மாதிரி ஒரு சந்தோஷம் என் வேலையில் எனக்குப் பிறகு கிடைக்கவில்லை.

போன வருஷம் ஓய்வு பெற்றேன். ஓய்வுக்குப் பிறகு மீன் வாங்கப் போவது என் பொறுப்பாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை காலை மார்க்கெட்டில் சீலா மீன் விலை கேட்டுக்கொண்டு நின்றேன். விற்றவள் நிமிர்ந்து பார்த்து, கச்சானுக்குப் பட்டா கேட்ட அம்மால்லா நீங்க என்றாள். தலை நரைத்திருந்தது. சிரிப்பு அப்படியே இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பாதை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தார் போட்டாயிற்று, லைட்டும் எரிகிறது, செபமாலை மட்டும் ஒரு பத்துமணி மிச்சமாகிவிடுகிறது, தார் ரோட்டில் கால் வேகமாகப் போகிறது என்றாள்.

நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். பொய் சொல்வானேன். அவளுக்காக நான் பட்ட கேலி தெரியுமா என்று வாய்வரை வந்துவிட்டது. பாதை தப்பித்துவிட்டதே என்று மெல்ல எடுத்துக்கொடுத்தேன். அது எங்கே போகும், கிடந்த இடத்தில்தான் கிடக்கிறது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு மீனைச் செதில் எடுக்க ஆரம்பித்தாள். சுருக்கென்றது. பிறகு யோசித்தால் அவள் சொன்னது நியாயம். நான் எதைக் கொடுத்தேன்? எடுக்காமல் விட்டேன், அவ்வளவுதான்.

செதிலை எடுத்துக்கொண்டே தன் மதினியைப் பற்றிச் சொன்னாள். வைப்பாற்றுக்கு வடக்கே ஒரு கரை ஊரில் இருந்தவளாம், ஊர்ப் பேரையும் சொன்னாள். அவள் ஊர்ப் பாதையிலும் பிளாட் போட்டார்கள். அங்கே பாதை போய்விட்டது. சுற்றி நடந்து நடந்து முட்டி தேய்ந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டாள். இப்போது இறால் கம்பெனியில் ஓடு உரிக்கப் போகிறாள். பகலெல்லாம் ஐஸ் தண்ணீரில் கை. அது எந்த ஆபீஸ் பார்த்ததோ தெரியவில்லை என்றாள்.

எனக்குத் தெரியும். எந்த மேஜை என்றுகூடத் தெரியும். கச்சானுக்கு இரண்டு வருஷம் முன்னால் வந்த பிளான் அது. கோடெல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல் இருக்கும். புலப்படத்தில் பாதை இல்லை, ஆட்சேபணையும் இல்லை. அரை மணி நேரத்தில் முடித்து, 'பாதை ஏதும் பாதிக்கப்படவில்லை' என்று எழுதினேன். அந்த ஊர்ப் பக்கம் கால் வைக்கவில்லை. பேசாமல் பையை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். அவளுக்குத் தெரியவே போவதில்லை.

"அதுவும் நான் பார்த்ததுதான்" என்றேன்.

மீன் மேல் ஓடிய கத்தி நின்றது.

"அங்கன நடந்து பாத்தியளாம்மா?"

இல்லை என்றேன். அங்கிருந்து மனு ஏதும் வரவில்லை என்று சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

அவள் கோபப்படவில்லை. துண்டுகளை அலசி, பையில் போட்டு, என் கையில் கொடுத்தாள்.

"மதினிக்கு எழுதத் தெரியாதும்மா" என்றாள்.