ஓனர் பேசுறேன்

எங்கள் வீட்டு லாரிக்கு ஆர்.சி. புக்கில் ஓனர் நான். எனக்கு பைக் தவிர வேறு எதுவும் ஓட்டத் தெரியாது. லாரியை ஓட்டுகிறவர் அப்பா.

என் வயசுக்கு மேற்பட்ட வருஷங்கள் அடுத்தவர் லாரியை ஓட்டியவர் அவர். சொந்தமாக ஒரு வண்டி வாங்க ஃபைனான்ஸ் ஆபீஸுக்குப் போனபோது அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டுல சம்பளம் வாங்குற பையன் யாராச்சும் இருக்கானா?" என்று கேட்டார்கள். நான் அப்போதுதான் பி.காம். முடித்து, சிதம்பரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்திருந்தேன். சம்பள ரசீது என்ற ஒன்றை எங்கள் குடும்பம் கண்ணால் பார்த்தது அப்போதுதான். அந்த ரசீதின் மேல் கடன் வந்தது. பழைய பத்துச் சக்கர வண்டி ஒன்று வந்தது. முன்கண்ணாடிக்கு மேல் என்ன பெயர் எழுதலாம் என்று அப்பா ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தார். "தவணை முடியட்டும், அப்புறம் எழுதிக்கலாம்" என்றாள் அம்மா. இன்னும் எழுதவில்லை.

சம்பளத்துக்கு ஓட்டுகிறவனுக்குப் போகிற இடத்தில் ஒரு விலை, சொந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிறவனுக்கு வேறு விலை. லோடு இறக்குகிறவர்கள், எடை மேடையில் இருப்பவர், பஞ்சர் கடைக்காரர் எல்லாருக்கும் இது தெரியும். டிரைவர் என்றால் டீக்காசோடு விட்டுவிடுவார்கள். "ஓனர் குடுக்கலண்ணே, நான் என்ன பண்றது" என்று அவன் கையை விரித்தால் அதற்கு மேல் பேச்சு இல்லை. ஓனரே ஸ்டீரிங்கில் உட்கார்ந்திருந்தால் அவர் யாரைக் கைகாட்டுவார்? அதனால் ஒற்றை வண்டிக்காரர்கள் எல்லாரும் தங்களைச் சம்பள டிரைவர் என்று சொல்லிக்கொள்வார்கள். லோடு இறக்கியதும் வீட்டுக்கு போன் போட்டு, எல்லார் காதிலும் விழும்படி ஸ்பீக்கரில் வைத்து, "ஓனர், எவ்ளோ குடுக்கட்டும்?" என்று கேட்பார்கள். ஒருத்தருக்கு ஓனர் அவருடைய பெண்டாட்டி. அந்தம்மா போனில் கத்துகிற கத்தலில் லோடுமேன்கள் டீக்காசுகூட வேண்டாம் என்று போய்விடுவார்களாம்.

இதெல்லாம் எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. ஒரு நாள் ஆபீஸில் இருக்கும்போது அப்பாவின் போன் வந்தது. ஸ்ரீமுஷ்ணம் பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்கு நெல் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்.

"வணக்கம் ஓனர். லோடு எறக்கியாச்சு. இங்க லோடுமேனுங்க கேக்குறாங்க, எவ்ளோ குடுக்கட்டும்?"

"அப்பா?" என்றேன்.

"ஆமா ஓனர். டிரைவர்தான் பேசுறேன்."

"என்னாப்பா ஆச்சு? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

அந்தப் பக்கம் பத்துப் பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. "யோவ் பெருசு, ஓனரு ஒன்ன அப்பான்றாருய்யா! தத்து எடுத்துக்கினாரா?" என்று ஒரு குரல். அன்றைக்கு அவர்கள் கேட்டதை முழுசாகக் கொடுத்துவிட்டுத்தான் வண்டி வெளியே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் எனக்குப் பாடம் நடந்தது. "பி.காம் படிச்சிருக்க, ஒரு வார்த்தைல கெடுத்துட்ட. வாய்யா போய்யான்னு பேசணும். 'போன நடைக்கே நீ இன்னும் கணக்கு குடுக்கல, இதுல காசு வேற கேக்குறியா'ன்னு கேளு. 'டீசல் ஏன் ஜாஸ்தி போவுது, வித்துட்டியா'ன்னு கேளு. 'வண்டி ஓட்ட வந்தியா இல்ல தானதர்மம் பண்ண வந்தியா'ன்னு கேளு."

சொல்லிக்கொண்டே போனார். எல்லாம் அவரை முதலாளிகள் கேட்டவை. எந்த முதலாளி எந்த ஊரில் வைத்து, யார் எதிரில் கேட்டான் என்பதுவரை ஞாபகம் இருந்தது. எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. அவருக்கு அதெல்லாம் ஒன்றுமே இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கற்றுக்கொண்டேன். போன் வந்தால் ஆபீஸ் மாடிப்படிக்குப் போய் நின்று அப்பாவைத் திட்டுவேன். "யாருங்க அது, இந்தத் திட்டு திட்டுறீங்க?" என்று கூட வேலை செய்கிற அக்கா ஒரு தடவை கேட்டார். "எங்க டிரைவர்" என்றேன். வீட்டில் அம்மா, "மொதலாளி, சோறு ஆறுது" என்று கூப்பிடுவாள். சிரிப்பாகத்தான் இருந்தது, வண்டி ஓடிக்கொண்டிருந்தவரைக்கும்.

அறுவடை முடிந்ததும் லோடு நின்றது. காட்டுமன்னார்கோவில் பக்கத்து நெல்லுக்கு உள்ளூர் வண்டிகள் போதவில்லை என்று ஒரு மாதம் கூப்பிட்டவர்கள், அடுத்த மாதம் போனையே எடுக்கவில்லை. கிடைக்கிற லோடுக்கு வாடகையைக் குறைத்துக் கேட்டார்கள். கொண்டுபோன இடத்தில் இறக்க ஆள் இல்லை என்று இரண்டு நாள் நிறுத்தி வைத்தார்கள். சம்பள டிரைவருக்கு நின்ற நாளுக்கும் பேட்டா உண்டு. அப்பாவுக்கு நின்ற நாள் என்றால் நின்ற நாள், அவ்வளவுதான்.

ஆபீஸில் மற்றவர்கள் கணக்கை எழுதுகிறபோது இதுதான் என் மண்டைக்குள் ஓடும். தனி ஆள் வியாபாரத்தில் டிரைவர் சம்பளம் செலவு. முதலாளி எடுத்துக்கொள்கிற பணம் செலவு இல்லை, அதற்குப் பெயர் எடுப்பு. பிளஸ் ஒன்னில் முதல் பாடமே அதுதான், மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருக்கிறேன். அப்பா ராத்திரி பகலாக ஓட்டுவது எந்தக் கணக்கிலும் செலவாக வராது என்பதைத்தான் படித்திருக்கிறேன் என்று அப்போது தெரியவில்லை.

லால்பேட்டையில் அப்பாவுக்கு ஒரு சிநேகிதர் இருந்தார், நான் மாமா என்று கூப்பிடுவேன். அவரும் சொந்த வண்டிக்காரர். வண்டியை விற்றுவிட்டு சவூதிக்கு டிரெய்லர் ஓட்டப் போய்விட்டார். அங்கிருந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். "மச்சான், அங்க ஓனரா இருந்தேன், கையில ஒன்னும் நிக்கல. இங்க டிரைவரா இருக்கேன், மாசமானா சம்பளம் வருது. அல்ஹம்துலில்லாஹ். வித்துத் தொலைச்சிட்டு வேற வேலயப் பாரு மச்சான்." அப்பா அதை இரண்டு தடவை கேட்டுவிட்டுப் பதில் போடாமல் வைத்துவிடுவார்.

ஐப்பசி மழைக்குள் நிரந்தரமாக ஒரு லோடு அமையாவிட்டால் வண்டியை விற்றுவிடுவது என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம். மழையில் ஓட்டம் இருக்காது. தவணை நிற்காது. ஃபைனான்ஸ்காரன் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் நாமே விற்றால் கடனாவது ஓரளவு அடையும்.

அந்த நேரத்தில்தான் கடலூரில் ஒரு டிரான்ஸ்போர்ட்காரர் கூப்பிட்டார். கூட்ஸ் ஷெட்டிலிருந்து ஒரு கெமிக்கல் கம்பெனிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டுபோய் இறக்குகிற வேலை. மாசம் பூரா நடை உண்டு. சோதனைக்கு இரண்டு நடை அப்பா போய்வந்தார். அவருக்குத் திருப்தி. வழக்கம்போல, தான் சம்பள டிரைவர் என்றுதான் சொல்லி வைத்திருந்தார். வண்டி பேப்பர் எல்லாம் என் பெயரில் இருந்ததால் யாருக்கும் சந்தேகமும் இல்லை.

ஒரு மத்தியானம் அந்த டிரான்ஸ்போர்ட்காரரே எனக்குப் பேசினார்.

"ஓனர் சார்தான? வண்டி நல்லாருக்கு சார். நாளையிலேருந்து வெச்சிக்கலாம். ஒன்னே ஒன்னு, டிரைவர மட்டும் மாத்திடுங்க."

"ஏன் சார்?"

"கம்பெனியில புது ரூல் போட்ருக்கான். வயசான டிரைவர கேட்டுக்குள்ள விட மாட்டேன்றான். சேஃப்டியாம். சின்னப் பையனா ஒருத்தனப் போட்டு அனுப்புங்க."

"அவரு பக்கத்துல இருக்காரா?"

"இங்கதான் நிக்கிறாரு. சொல்லிட்டேன். ஓனர் சொன்னா எறங்கிக்கிறேன்றாரு. நல்ல மனுஷன் சார், வேற எங்கனா சொல்லி விடுங்க."

ஓனர் சொல்ல வேண்டியது இரண்டு வார்த்தை. எறங்கச் சொல்லுங்க. அதைவிட மோசமாகவெல்லாம் அவரை நான் பேசியிருக்கிறேன். மாடிப்படியில் நின்றுகொண்டு, "அவரு எறங்குனா வண்டி ஓடாது சார்" என்றேன்.

"என்னா சார், ஊருல டிரைவரா கெடைக்க மாட்டான்?"

"அவருதான் ஓட்டுவாரு. இல்லன்னா வேணாம் சார்."

"ஒங்க இஷ்டம்" என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் அப்பா வந்தார். கைகால் கழுவவில்லை, கைலி மாற்றவில்லை. நேரே என் எதிரில் வந்து நின்றார்.

"ஓனரா பேசச் சொன்னா புள்ளையா பேசுறியே, அறிவிருக்கா?"

"ஒன்ன வேலைய விட்டுத் தூக்கச் சொல்றான். சரின்னு சொல்லச் சொல்றியா?"

"தூக்கட்டுமே. என்னை எத்தினி பேரு தூக்கிருக்கான்! செத்தா பூட்டேன்? வண்டியத் தூக்கிட்டுப் போனா என்னா பண்ணுவ?"

"வேற டிரைவர் போட்டா சம்பளம், பேட்டா எல்லாம் போயி என்னா மிஞ்சும்? நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்ப்பா."

"தவணை மிஞ்சுதா? அது போதும். நாலு எழுத்து படிச்சவன் கணக்கு போட்டு போட்டு வண்டிய நிறுத்துறான். படிக்காதவன் ஓட்டிப் பாக்குறேன்றான்."

அம்மா உள்ளேயிருந்து, "ரெண்டு மொதலாளியும் கத்தாதீங்க, தெருவே கேக்குது" என்றாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா வாசலில் நின்று போன் பேசினார். "சார், ஓனர் யோசிச்சாராம், ஒத்துக்கினாரு. சின்னப் பையன் சார், நேத்து கோவத்துல பேசிட்டாரு. மனசுல வெச்சுக்காதீங்க. வேற டிரைவர் போடுறோம் சார்." எனக்காக அவர் கெஞ்சுவதை இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

டிரைவரையும் அவரே பிடித்தார். கம்மாபுரத்திலிருந்து வந்து கம்பெனிக்குப் பக்கத்திலேயே ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஓர் இளைஞன். முழுச் சம்பளம் கொடுக்க வழியில்லை. அதனால் ஏற்பாடு இப்படி: கேட் வரைக்கும் அப்பா ஓட்டுவார். கேட்டில் அவன் ஏறி உள்ளே கொண்டுபோய், இறக்கி, வெளியே கொண்டுவந்து விட்டுவிடுவான். அதற்கு மட்டும் ஒரு காசு. லோடு கிடைத்தது. வண்டியை விற்கிற பேச்சு நின்றது.

ஒரு லீவு நாளில் நானும் கூடப் போனேன். கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை, தகரக் கொட்டகை. அப்பா வயசில் ஏழெட்டுப் பேர் தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருடைய வண்டியும் உள்ளே போயிருந்தது. கேட் வாட்ச்மேன் டீக்கு வந்தவர், "என்னா, ஓனருங்க மாநாடு ஆரம்பிச்சிருச்சா?" என்றார். "ஆமாய்யா, சேர் ஒன்னு கொண்டாந்து போடு" என்றார் ஒருத்தர். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மருந்து நெடி மூக்கை எரித்தது. அப்பா கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி வெளியே வந்தது. அது திரும்பும்போதே அப்பா எழுந்துவிட்டார். கிளட்ச் தீய்ந்த வாடை எனக்கே தெரிந்தது. அந்த இளைஞன் கிளட்ச்சில் காலை வைத்தபடியே ஓட்டுகிறான் என்று அப்பா முன்பே வீட்டில் சொல்லியிருந்தார். பிளேட் போனால் அந்த மாதத் தவணை போச்சு.

"ஏம்பா, கிளட்ச்ச..." என்று அவனிடம் நான் ஆரம்பித்தேன்.

அப்பா என் முழங்கையைப் பிடித்தார். சட்டைப்பையிலிருந்து அவனுக்கு உள்ள காசை எடுத்துக் கொடுத்தார். அவன் கீழே குதித்து, எண்ணாமலே பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"சாப்ட்டியா தம்பி? நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா வந்துடு" என்றார் அப்பா.

"பாக்குறேன் மாமா. இன்னொரு வண்டிக்காரரும் கூப்டுறாரு, நீங்க குடுக்குறதவிட ஜாஸ்தி தரேன்றாரு" என்றான்.

"வா, பேசிக்கலாம்."

ஏறி உட்கார்ந்து, அவன் பின்னால் தள்ளியிருந்த சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். நான் இந்தப் பக்கம் ஏறினேன். ஏற்றம் வந்தபோது ஆக்ஸிலேட்டரை மிதித்தார். இன்ஜின் சத்தம் ஏறியது, வண்டி அதற்கு ஏற்ற மாதிரி இழுக்கவில்லை. கியரைக் குறைத்தார். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

புதுச்சத்திரம் தாண்டியும் அந்தக் கிளட்ச் தீய்ந்த வாடை கேபினை விட்டுப் போகவில்லை.