அப்பாவின் கிரியாட்டினின்

அப்பா திருவெறும்பூரில் ஒரு தொழிற்சாலையில் வெல்டராக இருந்தார். வேலை முடிந்து வந்ததும் முதுகுவலிக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொள்வார். மற்றவர்கள் காபி குடிப்பதுபோல அது ஒரு பழக்கமாகிவிட்டிருந்தது. நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, தொழிற்சாலையில் எல்லோருக்கும் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் அவருக்கு கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஆறு என்று வந்தது. எண்ணின் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். எங்கள் டீச்சர் நன்றாக எழுதியவர்களுக்குத்தான் நட்சத்திரம் போடுவார். அம்மா ஏன் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

சேதி கேட்டு ஸ்ரீரங்கத்திலிருந்து அத்தை வந்து இறங்கினாள். அப்பாவின் அக்கா. இருவரும் கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் சண்டை வந்துவிடும். என்ன சண்டை என்று அவர்களுக்கே மறந்துபோயிருந்தாலும், அப்பா அவள் வீட்டுப் படியேறி வருஷக்கணக்காகியிருந்தது. வந்தவள் பை நிறைய வாழைத்தண்டு கொண்டு வந்திருந்தாள். சாறு பிழிந்து நீட்டினாள்.

"குடிடா. கிட்னிக்கு இதுதான் மருந்து."

"டாக்டர் சொல்லட்டும்க்கா."

"அவர் சொல்ற வரைக்கும் கிட்னி காத்துக்கிட்டிருக்குமா?"

அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்.

மறுநாள் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறுநீரக டாக்டரம்மாவிடம் எல்லோரும் போனோம். அவர் பொறுமையாகச் சொன்னார். "கிரியாட்டினின்ங்கறது ரத்தத்துல சேர்ற கழிவு. கிட்னி அதை வடிகட்டி வெளியேத்தணும். வேலை கொறைஞ்சா எண்ணு ஏறும். ஆனா ஒரு டெஸ்ட்டை மட்டும் வெச்சு முடிவு கட்ட வேண்டாம். யூரின்ல புரதம் போகுதான்னு பார்ப்போம், பிரஷரும் பார்ப்போம்." பிறகு வலி மாத்திரையைப் பற்றிக் கேட்டார். கேட்டதும் முகம் மாறிவிட்டது. "அதை இன்னிக்கே நிறுத்துங்க. அந்தச் சூட்டுல நின்னு வேலை பார்க்கிறீங்க, தண்ணி குடிக்கிறதில்லை, மேல இந்த மாத்திரை வேற. கிட்னி என்னதான் பண்ணும்? உப்பையும் குறைச்சுக்குங்க." வாழைத்தண்டுச் சாறும் இப்போதைக்கு வேண்டாம் என்றார். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் ஊறுகாய் ஜாடி பரண்மேல் ஏறியது. அப்பளம் காணாமல் போனது. அப்பா தண்ணீர்ப் பாட்டிலோடு வேலைக்குப் போனார். முதுகுக்கு ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைக் கூடத்தில் படுத்துச் செய்தார். நான் அவருக்குப் பக்கத்தில் படுத்து அதையே செய்து சிரிக்க வைத்தேன்.

சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தார். முடிவை நான்தான் பிடுங்கிப் பார்த்தேன். ஒன்று புள்ளி ஒன்று. நட்சத்திரத்தையும் காணோம். அப்பாவுக்கு மார்க் குறைந்துவிட்டது என்று லேப் வாசலிலேயே ஓவென்று அழுதேன். விஷயம் புரிந்ததும் அப்பா சிரித்த சிரிப்பில் அங்கே காத்திருந்தவர்களும் சிரித்தார்கள்.

அதைக் கேட்டு டாக்டரம்மாவும் சிரித்தார். யூரினில் புரதம் இல்லை, பிரஷரும் சரி, மாத்திரைப் பக்கம் போகாமல் அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டால் போதும் என்றார். பிறகு, அன்றும் எங்களோடு வந்திருந்த அத்தையைப் பார்த்து, "நீங்க அன்னிக்குத் தனியா வந்து, தம்பிக்கு நான் குடுக்கிறேன், எனக்கு டெஸ்ட் எடுங்கன்னீங்களே. அதுக்கெல்லாம் தேவையே இல்லம்மா," என்றார்.

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை கைப்பையில் எதையோ தேடினாள்.

வெளியே வந்தோம். திருவெறும்பூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. அப்பா அதைத் திரும்பியும் பார்க்காமல், அத்தைக்குப் பின்னாலேயே ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினார். நானும் அம்மாவும் ஓடிப்போய் ஏறிக்கொண்டோம். காவிரிப் பாலம் முழுக்க அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள், ஒரு வார்த்தை சண்டையில்லை.

அத்தை எதைக் கொடுப்பதாகச் சொன்னாள் என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் என் தலையைத் தடவினாள். தன் உடம்பிலிருந்தே ஒன்றை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க முடியும் என்பது எனக்கு அப்போது தெரியாது.