ஆறு என்று எழுதிய சீட்டு

ஒரு நல்ல மனிதர் தன் கையெழுத்தையே நம்ப முடியாதபடி செய்தவன் நான். காரணம் பொறாமை. இதற்குக் கௌரவமான வேறு பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

எதற்காகப் பொறாமை என்கிறீர்கள்? லேப்டாப்புக்குள் கண்ணுக்கே தெரியாமல் கிடக்கும் ஒரு கிராபிக்ஸ் கார்டுக்காக! சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். நானும் சில வருடங்கள் சிரித்தே மழுப்பப் பார்த்தேன்... முடியவில்லை.

இரண்டாயிரத்து எட்டு. ஒத்தக்கடையில், எங்கள் பொறியியல் கல்லூரிக்குப் பக்கத்தில், மாடியில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தேன். என் வகுப்பில் லேப்டாப் வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. அதில் நான் ஒருவன். அந்தப் பெருமையில் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

லேப்டாப் வாங்க நினைத்த எவனும் முதலில் என்னிடம்தான் வருவான். எந்தக் கார்டில் எந்த விளையாட்டு ஓடும், எது திணறும், எதுவெல்லாம் வெறும் ஒப்பனை... எல்லாம் எனக்கு அத்துப்படி. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் உட்கார்ந்து சேர்த்த ஞானம் அது.

அந்த ஞானத்தின் சாரத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்தது புரிய அது வேண்டும். அந்நாளில் கார்டின் பெயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இலக்கம் அது புதுசா பழசா என்று காட்டும். இரண்டாவது இலக்கம்தான் அதன் உண்மையான பலம். அது நாலு என்றால் சோப்ளாங்கி. ஆறு என்றால் தாராளமாக விளையாடலாம். ஏழு எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரம்.

கடைக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். ‘ஒரு ஜிபி கிராபிக்ஸ்’ என்று பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருப்பார்கள். பலமில்லாத கார்டுக்கு எவ்வளவு மெமரி கொடுத்து என்ன? திரையில் கார் நொண்டிக்கொண்டுதான் போகும்.

இவ்வளவு தெரிந்த என்னிடம் இருந்தது என்ன தெரியுமா? அந்த ஸ்டிக்கர் ஒட்டிய நாலு! என் அப்பா என்னைக் கேட்காமல் வாங்கி வந்தது. “படிக்கத்தானடா?” என்றார். நான் என்ன விளையாடுவேன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

பிரபு என் நெருங்கிய நண்பன். செல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவான். வகுப்பு முடிந்ததும் என் அறைக்கு வந்து என் லேப்டாப்பில் கார் பந்தயம் ஓட்டுவான். நொண்டும் காரையே அப்படி ரசித்து ஓட்டுவான். தன்னிடம் இல்லாததைப் பற்றி அவன் ஏங்கி நான் பார்த்ததில்லை. அவன் பேச்செல்லாம் அவனுடைய அண்ணனைப் பற்றித்தான்.

அந்த அண்ணன் பெயர் பாண்டி. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் எடைச் சீட்டு எழுதுபவர். தராசுக்காரர் எடையைக் கூவ, இவர் அதைத் தானும் ஒருமுறை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுவார். அவ்வளவு இரைச்சலிலும் ஒரு எண் பிசகாது. “எங்கண்ணன் எழுதுனா எழுதுனதுதான் மாப்ள. மார்க்கெட்ல யாரும் ரெண்டாந்தடவ பாக்க மாட்டாங்க” என்பான் பிரபு. அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நான் வகுப்புக்கு மட்டம் போட்ட ஒருநாள் காலையில், பிரபு வகுப்பில் இருந்த நேரம் பார்த்து, பாண்டியண்ணன் என் அறைக்கு வந்தார். சட்டையில் சம்பங்கி இதழ் ஒன்று ஒட்டியிருந்தது.

“தம்பி, பிரபுவுக்கு ஒரு லேப்டாப்பு வாங்கலாம்ண்டு இருக்கேன். கார் ரேஸு வெளாடுவானாம்ல? அதுக்கு எது தோதுப்படும்? அவன்ட்ட கேட்டா எதுனாலும் போதும்ண்டுதேன் சொல்லுவான். அதேன் ஒங்ககிட்ட வந்தேன்.”

தம்பி என்ன விளையாடுவான் என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்றதைத் தேடி வந்து நிற்கும் மனிதர்! எனக்கு அப்போதே நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்றது. ஆனாலும் ஞானச்செருக்கு சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் உண்மையாகவே சொன்னேன். மெமரியைப் பார்த்து ஏமாறாதீர்கள், இரண்டாவது இலக்கம் ஆறாக இருக்க வேண்டும் என்றேன்.

அவர் எடைச் சீட்டு ஒன்றின் பின்பக்கம் நான்கு இலக்கங்களையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். இரண்டாவதில் மட்டும் பேனாவை நிறுத்தினார்.

“ஆறுதானே தம்பி?”

“ஆறுதான் அண்ணே.”

இந்த இரண்டு வரிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் குற்றம் முழுவதும் இவற்றில்தான் இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை நண்பகல். அண்ணனும் தம்பியுமாகப் பிரிக்காத பெட்டியோடு வந்து நின்றார்கள். ஊரில் உள்ள கடையெல்லாம் ஏறி இறங்கி, ஒரு ஜிபி, இரண்டு ஜிபி என்று ஆசை காட்டியவர்களையெல்லாம் சீட்டைக் காட்டி மறுத்து, அதே எண்ணைக் கண்டுபிடித்து வாங்கியிருந்தார் பாண்டியண்ணன்.

“நிபுணர் கையாலதான் திறக்கணும்!” என்றான் பிரபு. பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, இருவரும் சாப்பிடப் போனார்கள்.

நான் விளையாட்டை ஏற்றினேன். சும்மா ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன்...

கார் பறந்தது! ஈரச் சாலையில் விளக்குகளின் பிம்பம் நெளிந்தது. என் லேப்டாப்பில் வெறும் சாம்பல் பூச்சாகத் தெரியும் வானத்தில் மேகம் நகர்ந்தது. திரையின் மூலையில் ஒரு நொடிக்கு எத்தனை படம் என்று காட்டும் எண், என்னுடையதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் நின்றது.

எனக்கு வயிறு எரிந்தது. ஆம், எரிந்தது. இது எனக்கல்லவா கிடைத்திருக்க வேண்டும்? இதன் அருமை தெரிந்தவன் நானல்லவா? எட்டாத இடத்தில் ஒருவனிடம் இருந்திருந்தால் பொறுத்திருப்பேன். என் அறையில், என் பாயில் உட்கார்ந்து, நான் சொல்லிக்கொடுத்த எண்ணால்... அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இன்னும் உண்மையைச் சொல்லவா? கார்டைவிட அந்த அண்ணன்தான் என்னை உறுத்தினார்.

மணி ஒன்றரை. அந்த நாட்களில் ஒத்தக்கடையில் இரண்டிலிருந்து நாலு வரை கரண்ட் இருக்காது. அதை வைத்துச் சமையல் முதல் குளியல் வரை எல்லோரும் நேரம் ஒதுக்கியிருந்தோம். நான் என் வஞ்சகத்துக்கு நேரம் ஒதுக்கினேன்.

லேப்டாப்பை மின்சாரத்திலிருந்து எடுத்து பேட்டரியில் ஓட்டினால், மின்சாரம் மிச்சப்படுத்த அது கார்டின் வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். அந்த அமைப்பை மாற்றி வைக்கலாம். என்னுடையதில் மாற்றினேன். பிரபுவுடையதில் மாற்றவில்லை. இதைப் பற்றி அவர்கள் இருவருக்கும் எதுவும் தெரியாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

“டிரைவர் சாஃப்ட்வேர் ஏத்தணும், ரெண்டு மணிக்கு மேல வாங்க” என்று போனில் சொன்னேன். வந்தார்கள். விசிறி நின்றது. இரண்டு லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “போட்டி பாத்துருவோமா மாப்ள?” என்று கேட்டது யார்? நான்தான்!

என்னுடையது வழக்கம்போல் ஓடியது. பிரபுவின் கார் முதல் திருப்பத்திலேயே திக்கித் திணறியது. மூலையில் இருந்த எண் தொப்பென்று விழுந்து, என்னுடையதைவிடக் கீழே கிடந்தது.

பாண்டியண்ணன் குனிந்து திரையையே பார்த்தார். அறைப் புழுக்கத்தில் அவர் கழுத்தில் வியர்வை ஓடியது.

“தம்பி... கரண்டு வந்ததும் ஒருக்கா பாக்கலாமா?”

உங்களுக்குப் புரிகிறதா? ஒன்றும் தெரியாத அந்த மனிதர் நேராக உண்மையின் மேலேயே கையை வைத்துவிட்டார்! நான் பதறிப்போனேன்.

“கரண்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லண்ணே.”

அவர் சட்டைப்பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தார். நாலாக மடித்துப் பத்திரமாக வைத்திருந்தார். “நீங்க சொன்ன நம்பர்தானே தம்பி இது?” என்று நீட்டினார். ஆறு, அவருடைய உருண்டைக் கையெழுத்தில், ஒரு கிறுக்கல்கூட இல்லாமல் இருந்தது.

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் ஆமாம் என்றால் நிபுணன் நான் தோற்றவன். கார்டு ஏன் திணறியது என்று யாராவது தோண்டுவார்கள். அதைவிட... அந்த அண்ணன் ஒருமுறையாவது தோற்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

“நான் ஏழுன்னுல்ல அண்ணே சொன்னேன்...”

சொல்லிவிட்டேன்.

அவர் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். படித்த பையன் பொய் சொல்வான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. “அப்பிடியா... நாந்தேன் தப்பா எழுதிட்டேன் போல” என்றார்.

“ஒரே ஒரு நம்பர்ண்ணே! அம்புட்டுத்தான! அதக்கூட ஒழுங்கா எழுதத் தெரியாதா உனக்கு?” என்று கத்தினான் பிரபு. அண்ணனிடம் அவன் குரல் உயர்த்தி நான் கேட்டது அன்றுதான். கத்திய மறுகணமே அவன் கண் கலங்கிவிட்டது. அவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. சீட்டை மடித்துப் பழையபடி பைக்குள் வைத்துக்கொண்டார்.

இங்கேயாவது நான் நிறுத்தியிருக்கலாமே? இல்லை. நாலு மணிக்குக் கரண்ட் வந்துவிடுமே என்ற பயம் என்னை உந்தியது. “இன்னைக்கே போனாத்தான் மாத்திக் குடுப்பாங்க, இப்பவே கிளம்புங்க” என்று அவசரப்படுத்தினேன். பெட்டியை நானே கட்டிக்கூடக் கொடுத்தேன்!

கடையில் எப்படியோ கெஞ்சி மாற்றிவிட்டார். பதிலுக்கு எதை வாங்கினார் தெரியுமா? எண்களின் மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. ‘என் தம்பியின் சிநேகிதன் வைத்திருக்கும் அதே மாடல்’ என்று கேட்டு வாங்கியிருக்கிறார். போட்டியில் ஜெயித்தது அதுதானே!

ஆக, என்னுடையது போலவே ஒரு நாலு. அதே ஒரு ஜிபி ஸ்டிக்கர்.

“இப்ப ரெண்டு பேரும் ஒண்ணு மாப்ள!” என்று திங்கட்கிழமை என் தோளில் கைபோட்டான் பிரபு. நான் ஆசைப்பட்டது இதுதானே? கிடைத்துவிட்டது. கல்லூரி முடியும்வரை அந்த நொண்டும் காரை அவன் சந்தோஷமாக ஓட்டினான். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆனால், “எங்கண்ணன் எழுதுனா எழுதுனதுதான்” என்று அவன் அதன்பின் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அதை எதிர்பார்த்துக் காத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

மறுவருடம் என் அக்காவுக்குக் கல்யாணம். பூவுக்குச் சொல்லி வைக்க மாட்டுத்தாவணிக்குப் போனேன். வேறு கடைக்குப் போயிருக்கலாம்... கால் அங்கேயே இழுத்துக்கொண்டு போனது.

பாண்டியண்ணன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். தராசுக்காரர் எடையைக் கூவினார். இவர் திருப்பிச் சொன்னார், எழுதினார். பிறகு சீட்டைத் தராசுக்காரரிடம் நீட்டி, “சரியா இருக்கா பாரு” என்றார். அவர் பார்த்துத் தலையாட்டிய பிறகே கிழித்துக் கொடுத்தார். அடுத்த சீட்டுக்கும் அப்படியே. “ஒரு வருசமா இதே ரோதனை! ஒன் கண்ணுக்கு என்னய்யா கேடு?” என்று தராசுக்காரர் சலித்துக்கொண்டார். பாண்டியண்ணன் சிரித்துக்கொண்டார்.

என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர எழுந்தார். “வாங்க தம்பி! அக்காவுக்குக் கல்யாணமாம்ல? பிரபு சொன்னான். மால நாஞ் சொல்லி வைக்கிறேன். ஒங்க போன் நம்பரச் சொல்லுங்க.”

சொன்னேன். ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். நடுவில் ஓரிடத்தில் பேனா நின்றது.

“ஆறுதானே தம்பி?”

அதே கேள்வி! அதே சீட்டுத்தாள், அதே உருண்டைக் கையெழுத்து... கேலியா? குத்தலா? அவர் கண்ணைப் பார்த்தேன். இரண்டும் இல்லை. தவறிவிடக் கூடாதே என்ற கவலை மட்டும்தான் அதில் இருந்தது.

“ஆறுதான் அண்ணே.”

எழுதி முடித்துச் சீட்டை என்னிடம் நீட்டினார். “எதுக்கும் ஒருக்கா பாத்துருங்க தம்பி. நம்ம கைய நம்ப முடியாது.”

பார்த்தேன். பத்து எண்களும் சரியாக இருந்தன. அன்றைக்கும் சரியாகத்தான் அண்ணே எழுதியிருந்தீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் பூக்கூடையோடு நின்றவர் வழிவிடச் சொல்லி இரைந்தார்.

“சரியா இருக்குண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டு, சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் அதை வாங்கித் தராசுக்காரரிடம் நீட்டினார்.