கம்பி நீட்டி

கணபதி ஏரியாவில் சுந்தரராஜுலு வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'கம்பி நீட்டி வீடு' என்றால் கையைப் பிடித்து அழைத்துப் போய் விடுவார்கள். மனிதர் எவன் காசையும் சுருட்டிக்கொண்டு ஓடியவரில்லை. அவர் ஒரு சிவில் இன்ஜினியர். கம்பியை நிஜமாகவே நீட்டினார், அவ்வளவுதான்.

இருபத்தைந்து வருடங்களுக்கு முன், சோமனூர்ப் பக்கம் மில் முதலாளி வேங்கடசாமி ஒரு ஸ்டேடியம் கட்டினார். "இப்போ கீழ் கேலரி. அடுத்த வருசம் மேல் கேலரிங்க. தூணுக்கு மேல கம்பிய நீட்டி உட்டுருங்க" என்றார். மேலே ஒரு கேலரியைத் தாங்கும்படியே சுந்தரராஜுலு அஸ்திவாரமும் தூணும் போட்டார். நீட்டிய கம்பி துருப்பிடிக்கும், லேசாகக் கான்கிரீட் போட்டு மூடி வைக்கலாம் என்று கெஞ்சிப் பார்த்தார்.

"மூடறதுக்கு ஒரு செலவு, உடைக்கறதுக்கு ஒரு செலவுங்களா? அடுத்த வருசந்தானுங்களே!"

அந்த அடுத்த வருடம் வரவேயில்லை. மழை மட்டும் தவறாமல் வந்தது. மேட்ச் பார்க்க வந்தவர்கள் மொட்டைத் தூண்களைப் பார்த்துச் சிரித்து அவருக்கு அந்தப் பேரை வைத்தார்கள். மகன் யஷ்வந்துக்குப் பெண் பார்த்தபோது, "மாப்பிள்ளையோட அப்பா எங்கிருந்து கம்பி நீட்டுனாருங்க?" என்று பெண் வீட்டார் ஆள் விட்டு விசாரித்தார்கள். மனைவி பங்காரம்மா அன்று முழுக்கச் சோறு தின்னவில்லை. அவர் போட்ட தூண்கள்மேல் கேலரி எழும்பினால் அந்தப் பேர் ஒழியும். கண் மூடுமுன் அதைப் பார்த்துவிட வேண்டும். கிழவருக்கு வேறு ஆசையே இல்லை.

இந்த வருடம் வேங்கடசாமியின் பேரன் ஸ்டேடியத்தைப் பெரிதாக்குகிறார் என்று கேள்விப்பட்டதும், சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினார். புது இன்ஜினியர் ரூபினா, உக்கடத்துப் பெண், மரியாதையாக மேலே அழைத்துப் போனாள். ஒரு கம்பியைச் சுத்தியலால் தட்டினாள். துரு செதில் செதிலாக உதிர்ந்தது.

"துரு தூணுக்குள்ளயும் எறங்கிருச்சுங்க சார். வெளிய தனித் தூண் போட்டு மேல் கேலரிய நிறுத்தறோமுங்க. இந்தக் கம்பிய எல்லாம் அறுத்துப்போடச் சொல்லிட்டேனுங்க."

"ஒரு தூணுலயாச்சும் புதுக் கம்பி பதிச்சு... பாரம் ஏத்த முடியாதுங்களா, அம்மணி?"

"வேண்டாமுங்க சார். மேல சனம் உக்காருமுங்க."

அவள் இடத்தில் இருந்திருந்தால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சல். சண்டை போடக்கூட வழியில்லை.

அந்த நேரம் பார்த்து வேங்கடசாமியின் பேரன் படியேறி வந்தார். "இப்படிக் கம்பிய நீட்டி உட்டது எந்தப் புண்ணியவானுங்க?"

"நானுங்க" என்றார் சுந்தரராஜுலு. "நான் நீட்டுன கம்பி நீட்டுன எடத்துலயே நின்னுச்சுங்க. உங்க தாத்தாதானுங்க கம்பி நீட்டிட்டாரு."

நல்ல ஜோக் என்று பேரன் விழுந்து விழுந்து சிரித்தார்.

அறுத்த கம்பி பழைய இரும்புக் கடைக்குப் போனது. பேர் மட்டும் கணபதியில் அப்படியே இருக்கிறது.