வாசலில் ஒன்றரை லட்சம் சுழி

திரேஸ்புரத்து விஜிலா ஒரே மத்தியானத்தில் மூன்று லட்சம் பிள்ளையாரை அழித்துவிட்டாள் என்று துறைமுக வாசல் டீக்கடையில் பேச்சு. அத்தனை பிள்ளையார் தூத்துக்குடியில் எங்கே இருந்தார்கள் என்று பார்க்கக் கிளம்பினேன்.

கப்பல் சரக்குக்குப் 'பில்' எனப்படும் சுங்கப் பத்திரம் தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர் விஜிலா. கணவர் கப்பலில், வருடத்தில் ஒன்பது மாதம் அவர் வெறும் போன் திரை. அலுவலக ஃபைல்கள் மூன்று சேமிப்புப் பெட்டிகளில் நகல் நகலாகப் பிரிந்து கிடக்கின்றன. ஒன்று படுத்தால் மற்றவை தாங்கும். அப்படி வாங்கச் சொன்னவரும் விஜிலாதான். அதனால், எல்லாம் ஆமையாக ஊர்ந்தபோது மேனேஜர் ஜெரால்டு அவரிடமே வந்தார்.

"சனிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா மெட்ராஸ் கம்பெனியக் கூப்பிட்டுருவேன். பெறவு நீ எதுக்கு?"

விஜிலா கேபிளை மாற்றினார், ஸ்விட்சை மாற்றினார். பலனில்லை. வெள்ளிக்கிழமை காலை ஒரு பெரிய வீடியோவை அனுப்பிப் பார்த்தார். விருட்டென்று போனது. பில் ஃபோல்டரைத் திறக்க மட்டும் ஏழு நிமிடம். அப்படியானால் பாதையில் பழுதில்லை, வாசலில்தான் கூட்டம்.

அந்த ஃபோல்டரின் வாசலில் ஒன்றரை லட்சம் காலி ஃபைல்கள் நின்றன. ஏரலிலிருந்து வரும் மூத்த கிளார்க் ஆறுமுகநயினார், பேரேட்டில் பிள்ளையார் சுழி 'உ' போட்டுப் பழகியவர். ஒவ்வொரு பில்லுக்கும் முன்னால், பில் நம்பரோடு 'உ' என்று ஒரு காலி ஃபைலைச் சேமிப்பார். மற்றவர்களும் கற்றுக்கொண்டார்கள். பில்கள் மாதவாரி ஃபோல்டர்களுக்குள் போய்விடும். பிள்ளையார் வாசலில்தானே இருப்பார்?

எடை பூஜ்யம் என்பதால் யாரும் அவற்றைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஃபோல்டரைத் திறக்கும்போதெல்லாம், ஒவ்வொரு பெயருக்கும் மூன்று பெட்டிகளிடமும் "உன்னிடம் இருக்கிறதா, மாறாமல் இருக்கிறதா?" என்று கேட்டாக வேண்டும். ஒன்றுமில்லாததையும் போய் விசாரித்துத்தான் ஒன்றுமில்லை என்று சொல்ல முடிகிறது. இந்த வதந்தியோடு நான் அலைந்ததும் அப்படித்தான்.

அவற்றில் பாதி 'சேசு' என்று இருந்தன. அது யார் வேலை என்று கேட்டேன். விஜிலா அவசரமாக ஸ்குரூ டிரைவரைத் தேடினார்.

அவரே நீக்கியிருக்கலாம். ஆனால் சேசுவைக் கும்பிடும் திரேஸ்புரத்துக்காரி சுழியை அழித்தாள் என்றால் ஊர் என்ன சொல்லும்? நேரே ஆறுமுகநயினாரிடம் போனார்.

"அழிச்சா சரக்கு சுங்கத்துல தட்டி நிக்கும்லா ஏளா!"

"அழிக்கல அண்ணாச்சி. எல்லாத்தையும் ஒரே ஃபைலுக்குள்ள மூட்டையாக் கட்டி வைக்கேன்."

"பிள்ளையாரயா மூட்டை கட்டுதே?"

"சேசுவும் தொணைக்கு இருக்காரு."

கிழவர் சிரிக்காமலிருக்கப் பாடுபட்டார். "செய்யி. ஆனா நம்ம ஆபீஸ் வாசல் பிள்ளையாருக்கு நீதான் ஒரு விடலைத் தேங்கா போடணும். நான் போட்டா செல்லாது."

விஜிலா ஒத்துக்கொண்டார். இனிமேல் பில் படிவத்தின் தலையிலேயே ஒரு சுழி, ஒரு சிலுவை. தனி ஃபைல் கிடையாது. மத்தியானம் மூட்டை கட்டி முடிந்ததும் ஃபோல்டர் நாலு நொடியில் திறந்தது. சனிக்கிழமை ஜெரால்டு திறந்து பார்த்தார். மெட்ராஸிலிருந்து யாரும் வரவில்லை.

இது நடந்து மூன்று வாரம். நான் கிளம்பும்போது ஆறுமுகநயினார் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார்: "ஏளா, தேங்கா என்னாச்சு?"

"நாளைக்கு அண்ணாச்சி!"

தேங்காய் வாங்கியாகிவிட்டது. மாதா கோவிலுக்குப் போகிற அதே ஸ்கூட்டரின் சீட்டுக்கடியில், ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில், குடுமியோடு இருக்கிறது.