வலையில் சிக்கிய சடை

போர்ட் பிளேருக்கு அப்பால் மூழ்கிக் கிடக்கும் மீன்பிடிப் படகைக் காண, ஸ்கூபாவில் தேர்ந்த என் கணவரோடு கடலில் இறங்கத் தயாரானேன்.

“அரே, சடையை டைவிங் சூட்டுக்குள்ள விடும்மா. கீழ பழைய வலை கிடக்கு.”

“இறுக்கிப் பின்னித்தானே இருக்கேன், வாங்க” என்று குதித்தேன்.

மூழ்கிய படகின் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துத் திரும்பியபோது தலை வரவில்லை. திமிறத் திமிற வலை இறுகியது. மூச்சு வேகமாகி, சிலிண்டரில் காற்று குறைந்துகொண்டே வந்தது. அவர் என் முகத்தைக் கைகளில் ஏந்தி, அசையாதே என்று கண்களால் கெஞ்சினார். பிறகு கத்தியால் சடையைப் பாதியில் அறுத்தார்.

மேலே வந்ததும், “மெயின்லேண்ட்ல உங்கம்மா கேட்டா, மீன் தின்னுடுச்சுன்னு சொல்லிடு” என்றார். என் தோளை மட்டும் விடவேயில்லை.

இப்போதெல்லாம் கூந்தலை முழுவதும் தொப்பிக்குள் அடக்கி, அவர் தொட்டுப் பார்த்த பிறகே இறங்குகிறேன். ஆனாலும் வலையைக் கண்டால் என் கை தானாகப் பிடரிக்குப் போய்விடுகிறது.