பார்மலின் விட்ட ரத்தம்

ஒரு காகித நாடாவின் மேல் மீன் ரத்தத்தின் தெளிநீர் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று பார்ப்பதிலேயே எனக்கு நாலு மாசம் போனது. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அறுபதுகளின் தொடக்கம். சாயல்குடிப் பக்கத்து விவசாயி மகள் நான். கடலோரத்தில் ஒரு சின்ன மீன் ஆய்வுக்கூடத்தில் வேலை. புரதத்தைக் காரக் கரைசலில் நனைத்த காகிதத்தில் வைத்துக் கரண்ட் விட்டால் பிளஸ் முனைப் பக்கம் நகரும். நகர்கிற தூரத்தை வைத்து இன்ன புரதம் என்று சொல்லலாம். பாறை மீனின் ரத்தப் புரதமோ புத்தகத்தில் இருந்ததைவிட ஒரு விரல் கூடுதலாக ஓடியது. பத்துத் தடவையும்! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சென்னையில் ஒரு பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்கு ஒரே ஓர் இடம் இருந்தது. புதுப் புரதம் கண்டுவிட்டேன் என்று அவருக்கு எழுதிப் போட்டேன். மாசக் கடைசிக்குள் விவரம் அனுப்பச் சொன்னார்.

எதற்கும் இருக்கட்டும் என்று நானே பாம்பன் போய் ரத்தம் எடுத்து வந்து ஓட்டினேன். சனியன், புத்தகம் சொன்ன இடத்திலேயே நின்றது. கரைசலை மாற்றினேன், காகிதத்தை மாற்றினேன், கரண்ட்காரரைத் திட்டினேன். வழக்கமாகப் பாம்பனிலிருந்து ரத்தம் கொண்டுவரும் அட்டெண்டர் அண்ணனின் பாட்டிலில் எடுத்தால் மட்டும் மறுபடி ஒரு விரல் கூடுதல்.

"அண்ணே, இதுல என்னத்தையாவது கலந்தீகளா?"

"ரயிலு வந்து சேர்றதுக்குள்ள நாறிப்போகுமுல்ல தாயி. அதான் கொஞ்சூண்டு பார்மலின் விட்டேன்."

அட கடவுளே! இருபது வருஷமாக மீன்களைச் சீசாவில் போட்டுக் கெடாமல் காத்தவர் அவர். கடலிலிருந்து எது வந்தாலும் அவர் கை முதலில் பார்மலினுக்குத்தான் போகும். அது புரதத்தில் பிளஸ் மின்சுமை தாங்குகிற இடங்களை அடைத்துவிடும். மைனஸ் ஓங்கிவிடும். அப்புறம் பிளஸ் முனைக்கு ஓடாமல் என்ன செய்யும்? பரீட்சையில் நானே எழுதிய பதில்தான். மரமண்டை, எனக்கு உறைக்கவே இல்லை.

மானம் போனால் போகிறது என்று பேராசிரியருக்கு உள்ளதை எழுதினேன். மாசம் முடிய நாலு நாள் இருக்கும்போது பதில் வந்தது. "புதுப் புரதத்தைவிட எனக்கு இதுதான் வேண்டும். எவ்வளவு ரத்தத்துக்கு எவ்வளவு பார்மலின், எவ்வளவு தூரம் என்று அளவோடு அதே கெடுவுக்குள் எழுது. இடம் உனக்குத்தான்."

தூரமெல்லாம் என் நோட்டில் இருந்தது. விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். "அண்ணே, ஒவ்வொரு தடவையும் எத்தனை சொட்டு விட்டீக?"

"அதையெல்லாம் யாரு எண்ணுனா? ரயிலு லேட்டுன்னா ரெண்டு கூட விடுவேன்."

தபால் போய்ச் சேரவே இரண்டு நாள். ஒரு ஓட்டத்துக்கு ஒரு பகல் முழுசாக வேண்டும். பார்மலினைச் சொட்டு எண்ணி விட்டு ஓட்டிய இரண்டே இரண்டு நாடாக்களோடு எழுதிப் போட்டேன். பத்தாது என்றார்கள். இடம் வேறொருவருக்குப் போனது.

அன்று நான் மேஜையில் கவிழ்ந்து அழுதுகொண்டிருந்தேன். அட்டெண்டர் அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"இனிமே எண்ணியே விடுறேன் தாயி" என்றார்.